வரைபடம் முடிந்த பிறகு கூட்டம் போடாதீர்கள்: பேரிடருக்குப் பிந்தைய கட்டுமானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை குடிசைகளையும் தென்னந்தோப்புகளையும் சாய்த்துவிட்டுப் போனது. இவற்றுக்குப் பிறகு டெல்டாவில் எழும்பிய வீடுகளில் இன்றும் உறுதியாக நிற்பவை உண்டு. சில ஆண்டுகளிலேயே கூரையின் பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தவையும் உண்டு. இப்படிக் கெட்டுப்போன வீட்டைப் பார்த்தால் சிமெண்டின் மீதும் ஒப்பந்ததாரர் மீதும் பழியைப் போட்டுவிடுகிறோம். அது பாதிக் காரணம்தான். அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவருக்கும், அதைக் கையால் கட்டுகிறவருக்கும் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை இல்லாமற்போனது மீதிக் காரணம்.

வரைபடம் முடிந்து, நிதி ஒதுக்கப்பட்டு, ஒப்பந்தமும் கையெழுத்தான பிறகு மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பது மிகப் பரவலான தவறு. சுனாமிக்குப் பிறகு 300 முதல் 325 சதுர அடி கொண்ட வீடுகள் கடலோரம் நெடுக வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. பல ஊர்களில், சேதமடையாமல் நின்ற வீடுகளும், வேம்பும் பூவரசும் கூட மனை சமன்படுத்துவதற்காக அகற்றப்பட்டன. வலை பின்னுவதற்கும் கருவாடு காய வைப்பதற்கும் திண்ணையும் முற்றமும் மர நிழலும் வேண்டும் என்பது மீனவக் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் செய்தி; ஆனால் கேட்கப்பட்ட நேரம் தவறு. தாளில் உள்ள வரைபடத்தைக் கூட்டத்தில் நீட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக, அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஒரு வீட்டின் முழு அளவைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டி, பெண்களை அதற்குள் நடக்கச் சொல்லுங்கள். அடுப்பு இருக்கும் இடத்தில் நின்றால் கழிவறைக் கதவு எதிரே வருகிறது என்பதும், மீன்கூடையை இறக்கி வைக்க வாசலில் இடமில்லை என்பதும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் கோட்டை அழிக்கச் செலவு எதுவும் இல்லை.

மனை தேர்வுக்கும் இதே விதி பொருந்தும். 1977 நவம்பர் புயலை நேரில் கண்ட பெரியவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். எந்தத் திடலில் தண்ணீர் ஏறவில்லை, எந்த வாய்க்கால் வழியே வெள்ளம் வடிந்தது என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்களைக் கேட்காமல் தாழ்ந்த வயலை மண் கொட்டி மேடாக்கினால், புதுக் குடியிருப்பு தப்பித்து, பக்கத்துத் தெரு மூழ்கும்.

ஊர்ப் பஞ்சாயத்தே ஊர் என்று எண்ணிவிடுவது அடுத்த தவறு. கடலோரக் கிராமங்களில் அந்தப் பஞ்சாயத்தை நடத்தும் நாட்டார்கள் ஒரு சொல் சொன்னால் ஊர் கட்டுப்படும்; அவசர காலத்தில் அந்தத் தலைமையைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த அவையில் பெண்கள் உட்காருவதில்லை; கரையில் கூலி வேலை செய்யும் தலித் குடும்பங்களுக்கும் இருளர் குடும்பங்களுக்கும் அங்கே இடமே இல்லை. வீடு பெறுவோர் பட்டியல் அங்கே மட்டும் தயாரானால் படகும் வலையும் இழந்தவர் பெயர் வரும், அந்தப் படகை நம்பிப் பிழைத்தவர் பெயர் விடுபடும். எனவே, நாட்டார்களை ஒதுக்காமல், அதே பட்டியலை ஒவ்வொரு தெருவிலும் சத்தமாகப் படித்துக் காட்டி, ஆட்சேபத்துக்கு நாள் கொடுக்க வேண்டும். சுனாமி வீடுகளுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமை என்று அரசு முடிவெடுத்தது, என் பார்வையில், அந்தக் காலத்தின் மிக நல்ல முடிவு. உரிமை கையில் இருப்பவருக்குத்தான் கேள்வி கேட்கத் துணிவு வரும்.

இனி வேலைத்தளத்துக்கு வருவோம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கட்டுமான நெறிமுறையான ஐ.எஸ். 456, கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்க்கிறது. அதன்படி குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்திலான கான்கிரீட் வேண்டும். கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். தண்ணீரின் எடை சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது, அதாவது 50 கிலோ மூட்டைக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 22.5 லிட்டர்தான். கலவை இறுகி வருகிறது, தள்ளக் கடினமாக இருக்கிறது என்று ஒரு வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்றப்படும்போது, பக்கத்தில் நிற்பவர் பொறியாளர் அல்ல, சட்டி தூக்கும் சித்தாள். கம்பிக்கும் பலகைக்கும் இடையே இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக் நழுவி, கம்பி பலகையைத் தொட்டுக் கிடப்பதும் அவர் கண்ணில்தான் முதலில் படும். சொன்னால் மேஸ்திரி முறைப்பார், வேலை நின்றால் அன்றைய கூலி போகும் என்ற நிலையில் அவர் ஏன் வாய் திறக்கப் போகிறார்? குறையைச் சுட்டிக்காட்டி வேலை நின்றால் ஒருவர் கூலியும் குறையாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, முதல் நாளே அனைவர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். சதுர அடிக் கணக்கில் கூலி பேசுவதும் அவசரத்தைத்தான் வளர்க்கும். பல ஆண்டுகள் சித்தாளாகவே இருக்கும் பெண்களுக்குக் கரண்டி பிடித்துக் கொத்து வேலை செய்யக் கற்றுக்கொடுப்பது தனித் திட்டமாக இல்லாமல், இதே வேலையின் பகுதியாகவே நடக்கலாம்.

வேலைக்கு நாள் குறிக்கும்போது ஊரின் நாட்காட்டியை மறப்பதும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இப்போது ஏப்ரல் 15 முதல் 61 நாள். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கும் காலம் அது. தை அறுவடையில் உள்நாட்டு ஊர்களில் ஆள் கிடைக்காது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும்.

2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு, தவணைப் பணத்தை உரிமையாளர் கையில் கொடுத்து, பொறியாளர் மேற்பார்வையில் அவர்களே கட்டும் முறை பெருமளவில் பின்பற்றப்பட்டது. டெல்டாவுக்கும் அது ஏற்றதே. ஆனால் தனித்து வாழும் மூதாட்டியிடம் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, கம்பி வாங்குவதற்கும் ஆள் பிடிப்பதற்கும் அவரையே அலைய விட்டால், அதற்கு அதிகாரம் என்று பெயரில்லை. அப்படிப்பட்டவர்களின் வீடுகளை நான்கைந்தாகச் சேர்த்து ஒரே கொத்தனார் குழுவிடம் ஒப்படைத்து, தெருக் குழு கணக்குப் பார்க்கலாம். ஒப்பந்ததாரர் மூலம்தான் கட்ட முடியும் என்றால், அவருக்குத் தர வேண்டியதில் பிடித்து வைக்கும் தொகையை அடுத்த வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்தி வைத்து, கூரை ஒழுகவில்லை, வாசலில் தண்ணீர் தேங்கவில்லை என்று குடியிருப்பவர் கையெழுத்திட்ட பின்னரே விடுவிக்க வேண்டும்.