போன மவுஸ் திரும்பி வரவில்லை

தண்டையார்பேட்டை வீட்டில் ஒரே மேசையில் லினக்ஸ் கணினியும் லேப்டாப்பும். இரண்டுக்கும் ஒரே கீபோர்டு, மவுஸ் போதுமே என்று சினர்ஜியிலிருந்து கிளைத்த பாரியரைப் போட்டேன்; ஒரு கணினியின் கீபோர்டு, மவுஸை நெட்வொர்க் வழியாக இன்னொன்றிலும் பயன்படுத்த விடும் மென்பொருள் அது. அதன் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பைக் கையாலேயே எழுதினேன். வினை அங்கேதான்.

மவுஸ் வலது ஓரம் தாண்டி லேப்டாப்புக்குப் போகும். திரும்பி வராது, இடது ஓரத்தில் முட்டி நிற்கும். கீபோர்டும் அதோடு போய்விடுவதால் லேப்டாப்பின் வைஃபையை அணைத்துத்தான் மீட்க வேண்டும். இணைப்பு அறுந்தால் மவுஸ் தானாக சர்வருக்கு, அதாவது கீபோர்டும் மவுஸும் செருகியிருக்கும் லினக்ஸ் கணினிக்கு, வந்துவிடும்.

ஸ்க்ரோல் லாக் மவுஸை ஒரே திரையில் பூட்டும் என்பதால் முதலில் அதைப் பார்த்தேன். அது இல்லை. ஃபயர்வாலில் பாரியர் பயன்படுத்தும் 24800 போர்ட்டைத் திறந்தேன் (இணைப்புதான் ஏற்கெனவே இருக்கிறதே!). பர்மா பஜாரில் வேறு மவுஸ்கூட வாங்கினேன். மூன்று நாள் போச்சு.

கடைசியில் கான்ஃபிக் கோப்பில், எந்தத் திரைக்குப் பக்கத்தில் எது என்று சொல்லும் லிங்க்ஸ் பகுதியை வரிவரியாகப் படித்தேன். 'மேசைக்கு வலது, மடி' என்று மட்டும் இருந்தது (மேசை என்பது லினக்ஸ் கணினி, மடி என்பது லேப்டாப்). அப்படியென்றால் மடிக்கு இடது மேசைதானே? பாரியர் அப்படி ஊகிக்காது. ஒவ்வொரு வரியும் ஒருவழிப் பாதை. 'மடிக்கு இடது, மேசை' என்று சேர்த்து சர்வரை மறுபடி தொடங்கினேன். சரியாகிவிட்டது.

புது மவுஸ் இப்போது அலமாரியில்.