பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் படமெடுங்கள்
மாணவர்கள் இசை வீடியோ எடுக்கும்போது, மெதுவசைவுக் காட்சியிலும் உதடு பாட்டோடு பொருந்த வேண்டுமானால், ஒலிபெருக்கியில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, விநாடிக்கு 50 பிரேமில் (அதாவது 50 தனிப்படங்களாக) எடுங்கள். எடிட்டிங்கில் அதை 25 பிரேமாக ஓட்டினால் அசைவு பாதி வேகத்துக்கு இறங்கும். உதடோ சரியான தாளத்துக்கு வந்துவிடும். தலைமுடியும் துப்பட்டாவும் காற்றில் மிதக்க, பாடுபவர் மட்டும் இயல்பாகப் பாடுவார்.

நேரமும் மிச்சம். நான்கு நிமிடப் பாட்டு ஒரு டேக்குக்கு இரண்டே நிமிடம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வாகனங்கள் இல்லாத நேரம் காலை 7.30 வரைதான், மென்மையான வெயிலோ அதற்கும் முன்பே முடிந்துவிடும். அந்தச் சிறிய இடைவெளியில் டேக்குகள் இரட்டிப்பாகக் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. பாடுபவரைக் கடலைப் பார்த்து நிற்க வையுங்கள், வெளிச்சம் முகத்தில் விழும்.

வேகமாக்கிய ஒலிக்கோப்பை முந்தைய நாளே தயார் செய்து, தொடக்கத்தில் மூன்று 'டிக்' ஒலி சேர்த்துவிடுங்கள். பாடுபவர் இரட்டை வேகத்தில் வாயசைத்துப் பழகட்டும் (முதல் பத்து முறை சிரிப்புதான் வரும்).

ராப் வரிகளுக்கு இது உதவாது. அந்த வேகத்தில் எந்த நாக்கும் புரளாது. செல்போனின் 120 பிரேம் 'ஸ்லோமோஷனும்' வேண்டாம், பாட்டை ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டிவரும். பின்னணியில் நடைப்பயிற்சி செய்பவர்களும் மிதந்தபடியே நடப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.