இன்ஜின் நின்றால் வயலில் இறக்குவது எப்படி? (ஐஎல்-2 ஸ்டர்மோவிக், யாக்-1)

இரண்டாம் உலகப்போர் விமானங்களை ஓட்டும் கணினி விளையாட்டான ஐஎல்-2 ஸ்டர்மோவிக் கிரேட் பேட்டில்ஸைப் புதிதாக ஆட வருகிறவர்களில் பலர் இன்ஜினில் குண்டு பட்டதுமே பாராசூட்டை எடுத்துக்கொண்டு குதித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் எட்டாத ஓடுதளத்தை எட்டிப்பிடிக்க மூக்கைத் தூக்கிக்கொண்டே போய், வேகம் செத்து, மரத்தில் மோதுகிறார்கள். கீழே இருக்கும் வயலில் இறக்குவது இரண்டையும்விட எளிது. சோவியத் போர் விமானமான யாக்-1ஐ வைத்துச் சொல்கிறேன், விளையாட்டின் ஸ்டாலின்கிராட் தொகுப்பிலேயே அது இருக்கிறது, அந்த வரைபடத்தில் வெட்டவெளிக்கும் குறைவில்லை.

குயிக் மிஷனில் (நாமே நிலைமையை அமைத்து உடனே பறக்கும் ஆட்டமுறை) எதிரி இல்லாமல், காற்று இல்லாமல், 1500 மீட்டர் உயரத்தில் தொடங்குங்கள். கோடைக்கால வரைபடம் போதும். பனிக்கால வரைபடத்தில் எல்லாமே வெள்ளை, தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

படி 1: மூக்கை இறக்குங்கள். த்ராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுக்கக் குறைத்துவிட்டு 200 முதல் 220 கி.மீ. வேகத்தில் சறுக்க விடுங்கள். ப்ரொப்பெல்லர் இன்னும் சுழல்கிறது என்றால் அதன் சுழற்சியைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், ரேடியேட்டர்களை மூடுங்கள். இரண்டுமே காற்றின் இழுவையைக் குறைக்கும், கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைக்கும்.

படி 2: இடம் பிடியுங்கள். எல்லாத் தப்பும் நடப்பது இங்கேதான். தூரத்தில் தெரியும் அழகான வயல் உங்களுடையது இல்லை, காலடியில் இருப்பதுதான் உங்களுடையது. மரவரிசை, ஓடை, ஸ்டெப்பி புல்வெளியில் அங்கங்கே வெட்டிக்கொண்டு போகும் பள்ளங்கள் இல்லாத நீளமான இடமாகப் பாருங்கள், உழுத நிலம் என்றால் உழவுச் சாலின் போக்கிலேயே இறங்குங்கள், குறுக்கே வேண்டாம். காற்று வைத்து ஆடும்போது, எரியும் எதிலாவது புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அதற்கு எதிராக வாருங்கள். முன்னணிக் கோடு எங்கே என்பதும் முக்கியம், கேரியர் (career) ஆட்டமுறையில் எதிரி பக்கம் இறங்கினால் சிறைபிடித்துவிடுவார்கள்.

எட்டுமா எட்டாதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: இறங்க நினைக்கும் புள்ளியைக் கண்ணாடி வழியே பாருங்கள். அது மேலே ஏறிக்கொண்டே போனால் எட்டாது, கீழே நழுவினால் தாண்டிவிடுவீர்கள், அசையாமல் நின்றால் அங்கேதான் போய்ச் சேருவீர்கள். எட்டாது என்று தெரிந்ததும் மூக்கைத் தூக்க ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கக் கை பரபரக்கும். இழுக்காதீர்கள், வேறு வயலைப் பாருங்கள்.

படி 3: சக்கரமா, வயிறா? தெரியாத நிலம் என்றால் சக்கரத்தை இறக்காமல் வயிற்றில் இறக்குவதே என் கட்சி. மெத்தென்ற மண்ணில் சக்கரம் புதைந்தால் விமானம் மூக்கில் கவிழும். கவிழாவிட்டாலும் நிம்மதி இல்லை: 1944 மார்ச்சில் ஜெர்மன் விமானி ருடெல், கீழே இறங்கிவிட்ட சகாக்களைத் தூக்கிவரத் தன் ஸ்டூகா குண்டுவீச்சு விமானத்தை டினீஸ்டர் ஆற்றருகே ஒரு வெளியில் நல்லபடியாகவே இறக்கினார், ஆனால் சக்கரம் சேற்றில் சிக்கித் திரும்ப எழும்ப முடியவில்லை, ஆற்றை நீந்திக் கடக்கும்போது அவருடைய பின்னிருக்கைத் துப்பாக்கி வீரர் மூழ்கிப்போனார்.

படி 4: ஃப்ளாப், அதாவது வேகம் குறைந்தாலும் விமானத்தைத் தாங்கிப்பிடிக்க இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடல். யாக்-1இன் ஃப்ளாப் காற்றழுத்தத்தில் இயங்குவது, பாதி இறக்குவது என்ற பேச்சே கிடையாது, இறக்கினால் முழுசாக இறங்கும். அதனால் வயல் கட்டாயம் எட்டும் என்று உறுதியான பிறகே தொடுங்கள். உயரம் மிஞ்சிப்போனால் ஒரு இறக்கையைச் சாய்த்து எதிர்ப்பக்க ரட்டரை (வால் சுக்கானைத் திருப்பும் மிதி) மிதியுங்கள், விமானம் பக்கவாட்டில் சறுக்கி உயரத்தைக் கரைத்துவிடும். கடைசி இறக்கத்தில் வேகம் 180, 190 இருக்கட்டும்.

படி 5: தொடுதல். பத்து மீட்டர் உயரத்தில் மெதுவாக ஸ்டிக்கை இழுக்க ஆரம்பியுங்கள், தரையை ஒட்டிப் பறக்கவிட்டு வேகம் தானாகக் குறையும்வரை காத்திருங்கள். 150க்குப் பக்கத்தில் அதுவே உட்காரும். இறக்கைகள் மட்டமாக இருக்க வேண்டும், ஒரு நுனி முதலில் தட்டினால் சக்கரம்போலச் சுழன்றுவிடும். சக்கரத்தில் இறங்கியிருந்தால் ஸ்டிக்கைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு பிரேக்கை விட்டு விட்டு, சிறிது சிறிதாக அழுத்துங்கள்.

முதலில் இன்ஜின் ஓடும்போதே பழகுங்கள், தப்பினால் த்ராட்டில் கொடுத்து மேலே போய்விடலாம். அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள். ஜெர்மன் போர் விமானமான பிஎஃப் 109க்கு மாறும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் ஃப்ளாப்பைக் கையால் சக்கரம் சுற்றித்தான் இறக்க வேண்டும், இறங்கிமுடிய நேரம் எடுக்கும், அதனால் யாக்கில் தொடங்குவதைவிட முன்கூட்டியே தொடங்குங்கள்.