அதிர்வுப் பட்டையில் இசை: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்

தருமபுரிப் பக்கம் மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்காரர்களுக்கு அருகில் நின்றிருந்தால் தெரியும், அந்த அடி நெஞ்சுக்கூட்டிலும் விழும். பிறவியிலேயே காது கேளாத என் அக்கா மகன் அங்கிருந்து நகரவே மாட்டான். அவனுக்காகத்தான் பாட்டை அதிர்வாக்கித் தரும், உடம்பில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று வாங்கினோம். முதல் மாதம் முழுக்கத் தப்புத் தப்பாகத்தான் பயன்படுத்தினோம்.

காது கேட்காத பிள்ளைக்கு அதிகமாக வேண்டும் என்று அதிர்வை முழுசாகக் கூட்டி வைத்தோம். அவன் தோலும் நம் தோல் போலத்தானே? பலமாக விடாமல் அதிர்ந்தால் மரத்துப்போகும். அப்புறம் தாளத்தின் ஏற்ற இறக்கம் எதுவும் பிடிபடாது. இப்போது பாதிக்கும் கீழே வைக்கிறோம், நடுநடுவே கழற்றிவிடுகிறோம்.

அடுத்தது, எல்லாப் பாட்டும் ஒன்றுபோல் இறங்கும் என்று நம்பியது. காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள் வரை கேட்கும். தோலுக்கோ சுமார் 1,000 ஹெர்ட்ஸ் வரைதான், அதிலும் 250-ஐ ஒட்டிய அதிர்வுதான் நன்றாகத் தெரியும். பம்பையும் தவிலும் சட்டென்று இறங்கிவிடும். புல்லாங்குழலின் நெளிவு தொலைந்துபோகும். எங்கள் பட்டை ஒரே இடத்தில் அதிர்வது என்பதால் பல வாத்தியம் சேர்ந்தால் அவனுக்கு வெறும் குமுறல்தான். 2016-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் இளைஞர் இசைக்குழுவுக்காக உருவான ‘சவுண்ட்ஷர்ட்’ என்ற அதிரும் சட்டை, வயலினைக் கைகளிலும் தாள வாத்தியங்களை முதுகிலும் பிரித்துத் தந்தது. எத்தனை இடங்களில் தனித்தனியாக அதிரும் என்று கேட்காமல் வாங்காதீர்கள். நாங்கள் விலையை மட்டும்தான் கேட்டோம்.

தொளதொளவென்று கட்டினால் பாதி அதிர்வு துணியோடு போய்விடும். வீடியோவோடு பார்க்கும்போது முடிந்தால் ஒயரில் இணையுங்கள், ப்ளூடூத்தில் அடி பிந்தி வரலாம். பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நெஞ்சில் கட்டவே கூடாது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. குழந்தை இசைக்கு ஆடுகிறதே என்று காது பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. இந்தப் பட்டை பேச்சைப் புரியவைக்காது. கேட்கும் திறனுக்கான சிகிச்சைக்கு வயது முக்கியம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். சந்தேகம் வந்ததுமே அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த நாங்கள், எங்கே கட்ட வேண்டும் என்று அவனையே கேட்கவில்லை. முதுகில் கட்டிக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் சைகையில் கேட்டேன். பட்டையை வாங்கி முன்பக்கம் திருப்பி, பம்பை அடிக்கும்போது அவன் கை வைத்துப் பார்க்கும் அதே இடத்தில், நெஞ்செலும்பின் மேல் வைத்துக்கொண்டான்.