பிரெக்னன்சி கிட் வாங்கும் முன் காலண்டரைப் பாருங்கள்

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற பிரேகா நியூஸ், ஐ-கேன், வெலாசிட் எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சிறுநீரில் எச்சிஜி என்ற ஹார்மோன் இருக்கிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். எந்த பிராண்டு நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ரிசல்ட் தப்பாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் நாம் பார்க்கும் நாளும், கோட்டைப் படிக்கும் நேரமும்தான்.

கரு உண்டான மறுநாளே இந்த ஹார்மோன் வந்துவிடாது. கரு நகர்ந்து வந்து கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் சுரக்க ஆரம்பிக்கும், அப்படி ஒட்டுவதற்கே முட்டை வெளியான நாளிலிருந்து பெரும்பாலும் 8 முதல் 10 நாள் ஆகும், சிலருக்கு 12 நாள்கூட ஆகலாம். அப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளவு இரட்டிப்பாகிக்கொண்டே போகும். அதனால் திங்கட்கிழமை நெகட்டிவ், வெள்ளிக்கிழமை பாசிட்டிவ் என்று வந்தால் கிட் ஏமாற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு ரிசல்ட்டுமே அந்தந்த நாளுக்குச் சரிதான்.

சரி, எப்போது பார்ப்பது? பீரியட்ஸ் வரவேண்டிய தேதி தாண்டிய பிறகு, முடிந்தால் ஒரு வாரம் பொறுத்து. இங்கே நம் வீடுகளில் ஒரு குழப்பம் உண்டு. பலர் தலைக்குக் குளித்த நாளிலிருந்து கணக்கு வைத்திருப்பார்கள், ஆனால் டாக்டர் கேட்பது உதிரப்போக்கு ஆரம்பித்த முதல் நாளை. இதிலேயே மூன்று முதல் ஐந்து நாள் வித்தியாசம் வந்துவிடும். போனில் ஒரு குறிப்பு போட்டு வையுங்கள், பின்னால் ஸ்கேனுக்குப் போகும்போதும் இதே தேதியைத்தான் முதலில் கேட்பார்கள்.

பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்து மாதவிலக்கு 40 நாள், 60 நாள் என்று இஷ்டத்துக்கு வருபவர்களுக்கு "தள்ளிப்போன தேதி" என்று ஒன்றே கிடையாது. அவர்கள் கடைசியாக உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்த்தால் போதும். அவசரக் கருத்தடை மாத்திரை போட்டவர்களுக்கும் இதே கணக்குதான், ஏனென்றால் அந்த மாத்திரையே பீரியட்ஸைத் தள்ளிப்போட வைக்கும். தாய்ப்பால் கொடுப்பதால் இன்னும் பீரியட்ஸ் வரவில்லை, அதனால் கர்ப்பம் இருக்காது என்றும் நம்பி இருக்காதீர்கள், பீரியட்ஸ் திரும்ப வருவதற்கு முன்பே முட்டை வெளியாகலாம். வீட்டில் பெரியவர்கள் தினமும் கேட்கிறார்கள் என்பதற்காக நாலு நாள் முன்னாடியே பார்த்து, நெகட்டிவ் என்று அழுது, மறுபடி இன்னொரு கிட் வாங்குவதெல்லாம் காசுக்கும் கேடு, மனசுக்கும் கேடு.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் நல்லது, இரவெல்லாம் தங்கியிருப்பதால் ஹார்மோன் அதில் அடர்த்தியாக இருக்கும். நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு "காலை" என்பது அவர்கள் தூங்கி எழும் நேரம், அது மதியம் இரண்டு மணியாக இருந்தாலும் சரி. இடையில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மூன்று நான்கு மணி நேரம் அடக்கி வைத்துவிட்டுப் பாருங்கள், சீக்கிரம் வரட்டும் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய் நெகட்டிவ் காட்டிவிடலாம்.

இனி கிட்டைப் பிரிக்கலாம். முதலில் காலாவதி தேதி. அப்புறம் அது எங்கே இருந்தது என்று யோசியுங்கள், மே மாத வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் கிடந்த கிட்டை நம்ப முடியாது. பார்க்கப்போகும் நிமிஷத்தில்தான் பாக்கெட்டைக் கிழிக்க வேண்டும், உள்ளே வரும் சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சோப்பு வாடை இல்லாத, காய்ந்த கப்பில் சிறுநீரைப் பிடித்து, கிட்டைச் சமமான இடத்தில் வைத்து, கூடவே வரும் டிராப்பரால் எஸ் என்று போட்ட குழியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பெரும்பாலான கிட்டுகளில் மூன்று சொட்டு, உங்களுடையதில் வேறு மாதிரி போட்டிருந்தால் அட்டையில் இருப்பதையே கேளுங்கள். நிறைய விட்டால் நிச்சயமாகத் தெரியும் என்று குழி வழிய ஊற்றாதீர்கள்.

போனில் ஐந்து நிமிடம் டைமர் வையுங்கள். கிட்டில் C, T என்று இரண்டு எழுத்து போட்டிருக்கும். சி பக்கம் மட்டும் கோடு வந்தால் நெகட்டிவ். சி, டி இரண்டிலும் வந்தால் பாசிட்டிவ். சி பக்கம் கோடே இல்லையென்றால், டி பக்கம் என்ன இருந்தாலும் அந்தக் கிட் செல்லாது, புதிது வாங்குங்கள்.

எல்லோரும் தடுமாறுவது டி பக்கம் வரும் மங்கலான கோட்டில்தான். ஐந்து நிமிடத்துக்குள், சி கோட்டின் அதே நிறத்தில், லேசாக வந்தாலும் அது பாசிட்டிவ் மாதிரிதான், இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் இன்னும் அழுத்தமாக வரும். ஆனால் அரை மணி நேரம் கழித்துக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து, நிறமே இல்லாத சாம்பல் கோடு தெரிந்தால் அது சிறுநீர் காய்ந்த தடம். டார்ச் அடித்து, போட்டோவில் நிறத்தை ஏற்றி, கிட்டை உடைத்து அட்டையை வெளியே எடுத்துப் பார்ப்பதெல்லாம் வேண்டாம். பத்து நிமிடம் தாண்டினால் மறந்துவிடுங்கள்.

சந்தேகமாகவே இருந்தால் ரத்தத்தில் பீட்டா எச்சிஜி பார்த்துவிடலாம், லேபில் அளவாகவே சொல்லிவிடுவார்கள். பாராசிட்டமால், ஆன்டிபயாடிக், தைராய்டு மாத்திரை, கருத்தடை மாத்திரை எதுவும் ரிசல்ட்டை மாற்றாது. மாற்றுவது குழந்தையின்மை சிகிச்சையில் முட்டை வெடிக்கப் போடும் எச்சிஜி ஊசிதான், அது உடம்பில் பத்துப் பதினான்கு நாள்கூட இருந்து பொய்யாக பாசிட்டிவ் காட்டலாம், அதனால் டாக்டர் சொன்ன தேதியில் மட்டும் பாருங்கள். கருச்சிதைவு ஆனவர்களுக்கும் சில வாரம் பாசிட்டிவ் வந்துகொண்டிருக்கும். யூடியூபில் காட்டும் சர்க்கரை, உப்பு, பேஸ்ட் சோதனைகள்? பேஸ்ட்டைப் பல் விளக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிட்டிவ் வந்தபின் ஒரு பக்கமாக அடிவயிற்றில் கடும் வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல், தோள்பட்டை வலி இருந்தால் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கரு குழாயில் தங்கியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. காப்பர் டி போட்டிருக்கும்போது பாசிட்டிவ் வந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டிவிடுங்கள். கரு எங்கே இருக்கிறது என்பதைக் கிட் சொல்லாது. இதே காரணத்தால்தான், குழந்தை இப்போது வேண்டாம் என்று முடிவு செய்தாலும் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் டாக்டரிடம் போகலாம், சட்டத்தில் தடை இல்லை.

வைத்துக்கொள்வதாக இருந்தால் போலிக் ஆசிட் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி நம்பர் என்ற அரசுப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள், தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் அது வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை.

நெகட்டிவாகவே வந்து பீரியட்ஸும் வரவில்லையா? ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அதுவும் நெகட்டிவ் என்றால் நாலாவது கிட் வாங்குவதை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள், தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவது, திடீரென்று ஏறிய எடை என்று பீரியட்ஸ் தள்ளிப்போகக் கர்ப்பம் தவிரவும் காரணங்கள் ஏராளம்.