கேட்டலாக் கேட்டால் ரேட் வருகிறதா?

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு விற்கும் இரண்டு கடைகளுக்கு ஃபோன் போட்டு, "அண்ணே, கேட்டலாக் அனுப்புங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் படம், உயரம், எடை, மாடல் எண் எல்லாம் போட்ட பிடிஎஃப் அனுப்புவார். இன்னொருவர் "கிலோ இவ்வளவு சார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் முடித்துவிடுவார். முதலாவதுதான் கேட்டலாக். மற்றது வெறும் விலை விவரம். பித்தளை விளக்கை எடை போட்டு விற்கிறார்கள். பித்தளை விலையோ ஏறி இறங்கும். அதனால் விலையே போடாத கேட்டலாக்கும் முழுமையான கேட்டலாக்தான்.

பெயர்களை வரிசையாக எழுதிவிட்டால் போதும், அது கேட்டலாக் ஆகிவிடும் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருப்பது போன்ற ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றைக் கையில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அட்டை கிடையாது, தலைப்புப் பக்கமும் கிடையாது. ஒரே நூலுக்கு நாலு பிரதி இருந்தால் பெயரை மட்டும் வைத்து எதைப் பிரிப்பது? என்ன எழுத்து, எத்தனை ஏடு, முதல் வரி என்ன, கடைசி வரி என்ன, எங்கே பூச்சி அரித்திருக்கிறது என்று எழுதினால்தான் அடுத்து வருகிறவர் அதே கட்டைக் கண்டுபிடிப்பார். தஞ்சாவூர் அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு பர்னல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1880-இல் வெளியிட்ட பட்டியலின் தலைப்பில்கூட கேட்டலாக் என்று இல்லை, 'இன்டெக்ஸ்' என்ற சொல்தான் இருக்கிறது. விளக்கமான கேட்டலாக் 1928 முதல் பல தொகுதிகளாக வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? எல்லா இடத்திலும் 'பட்டியல்' என்று போட்டுவிட்டால் மளிகைச் சாமான் லிஸ்ட்டும் அதில் சேர்ந்துவிடும். நூலகத்தில் நூற்பட்டியல், சுவடித்துறையில் விளக்க அட்டவணை, பட்டுப்புடவைக் கடையில் கேட்டலாக் என்றே இருக்கட்டும். திருபுவனத்தில் போய் 'விவரப்பட்டியல் காட்டுங்கள்' என்றால் கடைக்காரர் பில் புத்தகத்தைத் தேடுவார்.

சொல்லின் பிறப்பிலும் ஒரு குழப்பம் உண்டு. லாக் புக்கில் வரும் 'லாக்'தான் இதிலும் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த லாக் மரக்கட்டை: கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் போட்டது. கேட்டலாக் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'கட்டா' என்றால் கீழே, முழுக்க என்று பொருள். 'லெகெய்ன்' என்றால் எண்ணுதல், சொல்லுதல். ஒன்றுவிடாமல் மேலிருந்து கீழே எண்ணிச் சொல்வது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் 'யுஇ' (ue) போடுவது பிரிட்டிஷ் வழக்கம்; விடுவது அமெரிக்க வழக்கம். இரண்டும் சரி, ஆனால் ஒரே பக்கத்தில் கலக்கக் கூடாது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூல்களைப் பட்டியலிடுவதற்கென்றே விதிகள் வகுத்து 1934-இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பில் அந்த 'யுஇ' உண்டு.

அப்புறம், தமிழில் எழுதும்போது 'ட்ட' போடுங்கள். ஒற்றை 'ட' போட்டுக் 'கேடலாக்' என்று எழுதினால் முதலில் கண்ணில் படுவது கேடுதான். புதுக் கடையின் போர்டில் யாருக்கு அது பிடிக்கும்?