கிளட்ச் தேய்ந்த காரில் செய்யக்கூடாதவை

மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள். இன்ஜின் சத்தம் கூடுகிறது, ஆர்பிஎம் முள் மேலே போகிறது, வண்டி மட்டும் அதே வேகத்தில் ஊர்கிறது. கிளட்ச் வழுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. கூடவே கருகிய வாசனையும் வரலாம். இதற்குப் பிறகும் ‘இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் அதிகச் செலவு வைக்கும் தவறு. வழுக்கும்போது உண்டாகும் சூடு கிளட்ச் பிளேட்டோடு நிற்காது. அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும், இன்ஜினோடு சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தையும் சேர்த்தே கெடுக்கும். பிளேட்டின் மேலிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் முழுக்கத் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் தலைகள் வெளியே வந்துவிட்டால், அவை ஃபிளைவீலின் முகத்தில் வட்டவட்டமாகக் கோடு கிழித்துவிடும்.

சந்தேகமாக இருந்தால், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் நான்காவது கியரில் மிதமான வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பாருங்கள். வேகத்தோடு சேர்ந்து ஆர்பிஎம் ஏறினால் சரி. அது முந்திக்கொண்டு பாய்ந்தால் வழுக்கல்தான். முதல், இரண்டாம் கியரில் இந்தச் சோதனை பயன்படாது. வண்டியே சட்டென்று வேகமெடுப்பதால் வித்தியாசம் தெரியாது. ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். திரும்பத் திரும்பச் சோதித்தால், மிச்சமிருக்கும் லைனிங்கும் எரியும்.

அடுத்த தவறு, கிளட்சில் எந்தக் கோளாறு வந்தாலும் ‘பிளேட் போயிடுச்சு’ என்று முடிவு கட்டுவது. வழுக்குவது வேறு, முழுசாக விடுபடாமல் இருப்பது வேறு. பெடலை முழுக்க மிதித்தும் கியர் விழாமல் முரண்டு பிடிக்கிறது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பெடலையும் கிளட்சையும் இணைக்கும் கேபிளை. ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டர் இரண்டிலும் கசிவு இருக்கிறதா, லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. அதனால் அங்கே அளவு குறைவதை வெறும் கிளட்ச் பிரச்சினையாக நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, தேயாத பிளேட்டும் வழுக்கும். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்திருக்கலாம். கேபிளில் ஃப்ரீ ப்ளே, அதாவது கொஞ்சம் தளர்வு, இல்லாமல், பெடலை லேசாக மிதித்தே வைத்தது போல பிரஷர் பிளேட்டின் பிடி எப்போதும் கொஞ்சம் தளர்ந்தே இருக்கலாம். இந்தக் காரணங்களைச் சரிசெய்யாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால், புதுசும் சீக்கிரமே பழசின் கதிக்கு வரும். நனைந்த பிளேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவதும் வேண்டாம். லைனிங் உறிஞ்சிய எண்ணெய் சூட்டில் மீண்டும் வெளியே வரும்.

கிளட்ச் மாற்றும் வேலையில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். அவ்வளவும் செய்துவிட்டு, பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய பிரஷர் பிளேட்டையும், பெடலை மிதிக்கும்போது அதைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் அப்படியே விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்தப் பேரிங் கத்தத் தொடங்கினால் மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். மூன்றையும் செட்டாகவே மாற்றுங்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஃபிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் அது சூடேறியதன் தடம். மயிரிழை விரிசல் இருக்கிறதா, நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். இதில் எது இருந்தாலும் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குள் கடைந்து சமப்படுத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் ஆயில் சீலையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மாட்டும்போதும் சில விஷயங்கள் நழுவிப்போகும். புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் இருந்தால் அதைத் துடைத்தாக வேண்டும். கிரீஸ் கையால் லைனிங்கைத் தொடக்கூடாது. பிளேட்டைப் பக்கம் மாற்றிப் போட்டால் கிளட்ச் சரியாக விடுபடாது. கியர்பாக்ஸ் ஏற்றும்போது அதன் பாரம் முழுவதும் பிளேட்டின் நடுவில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும்.

வண்டி கைக்கு வந்ததும், இடது காலைப் பெடல் மேலேயே வைத்து ஓட்டுவதையும் மேட்டில் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதையும் விட்டுவிடுங்கள். நிற்க ஹேண்ட் பிரேக் இருக்கிறது. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு அதிக பாரம் ஏற்றாமல், வண்டியை வெடுக்கென்று எடுக்காமல் ஓட்டினால் லைனிங் சீராகப் படியும். பெடலில் கிளட்ச் பிடிக்கும் இடமும் முன்பைவிடக் கீழே வந்திருக்கலாம். போக்குவரத்தில் இறங்குவதற்கு முன் காலியான இடத்தில் நாலைந்து தடவை எடுத்து நிறுத்திப் பழகிக்கொள்ளுங்கள்.